'இட்' என்பது எது? 'தே' என்பவர் யார்?

ஆங்கிலம் பயிலும் மாணவர் என்னிடம் அடிக்கடி விடுக்கும் வினா ஒன்று உண்டு. 'இட் இஸ் ரெய்னிங்' என்னும் வாக்கியத்தில் 'இட்' எதனைச் சுட்டுகிறது? வானத்தையா, மேகத்தையா?

ஒன்றையும் சுட்டவில்லை என்பதே விடை. தமிழில் 'வந்தான்' என்றாலே வந்தவன் ஒருவன், ஆண் என்பதை விகுதி காட்டிவிடும். எழுவாய் மறைந்து நிற்கலாம். ஆங்கில வினைக்கு அத்தகைய விகுதி பெரும்பாலும் இல்லை. ஆகவே எழுவாயின் இடம் வெறுமையாக இருத்தல் கூடாது என்பது அம்மொழியின் மரபு. ஆளில்லாத இருக்கையில் துண்டு போட்டு வைப்பதுபோல அங்கே 'இட்' வந்து அமர்கிறது.

'தே ஸே' என்பதிலும் 'தே' யாரெனத் தேட வேண்டா. உலகத்தார் கூறுவர் என்பதே பொருள். பழந்தமிழ் நூலார் 'என்ப' என்று ஒரே சொல்லில் முடித்ததும் இதனையே.

'எவ்ரிஒன் டுக் தேர் அம்பிரெல்லா' என்பது இத்துணை எளிதன்று. 'எவ்ரிஒன்' ஒருமை, 'தேர்' பன்மை, பிழையன்றோ என்பர். ஜேன் ஆஸ்டின் முதலியோர் இவ்வாறு தயக்கமின்றி எழுதியிருக்கின்றனர். ஆயினும் இலக்கண ஆசிரியர் பலர், 'ஹிஸ்' என்றே எழுதுக, ஆண்பாற் சொல் பெண்ணையும் அடக்கும் என்றனர். 1850-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, சட்டங்களுக்குப் பொருள் காண்பதற்கும் அவ்விதியையே வகுத்தது. இந்தியாவில் 1897-ல் இயற்றிய சட்டத்திலும் அது இடம்பெற்றது.

உண்மையில் அடக்குமா? 1867-ம் ஆண்டுச் சட்டம், உரிய தகுதியுள்ள 'எவ்ரி மேன்' வாக்களிக்கலாம் என்றது. மான்செஸ்டர் நகரப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் 1850-ம் ஆண்டு விதியைக் காட்டி வாக்குரிமை கோரினர். 1868-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வரி செலுத்துகையில் அடங்கிய பெண், வாக்கு என்றவுடன் அடங்காமற் போனாள்! இலக்கண விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இவ்வழக்கைவிட நன்கு காட்டுவது வேறொன்றை நான் அறியேன்.

பன்மைச் சொல் ஒருவரைக் குறிப்பது நமக்குப் புதிதன்று. 'அவர்' முற்காலத்தில் பன்மை. பின்னர் மரியாதை ஒருமையாகவே, பன்மைக்கு 'அவர்கள்' வேண்டியதாயிற்று. ஆங்கிலத்து 'யூ'வும் அவ்வாறு பன்மையிலிருந்து ஒருமைக்கு வந்ததே. ஆகவே 'தேர்' என்று துணிந்து எழுதலாம். தேர்வில் மட்டும், உங்கள் ஆசிரியர் 'ஹிஸ் ஆர் ஹெர்' வேண்டுமென்பாராயின், அதையே எழுதிவிடுங்கள்.