வெற்றிலைப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் புகையிலை



புகையிலையின் தீமை குறித்து மிம்பர்களில் பேசும்போதெல்லாம் பீடியும் சிகரெட்டும் புகைக்கும் ஆண்களே நம் நினைவுக்கு வருகின்றனர். வெற்றிலையோடு புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் நம் இல்லத்துப் பெண்களோ, 'இந்தப் பேச்சு நமக்கன்று' என்று இருந்துவிடுகின்றனர். நாமும் அப்படியே எண்ணிவிடுகிறோம்.

உண்மை நிலை என்ன? 2016-17ஆம் ஆண்டுகளில் மத்திய அரசு நடத்திய ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 14.2 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். மொத்தப் பெண்களில் புகைப்போர் 2 சதவீதத்தினரே. 12.8 சதவீதத்தினர் மெல்லுதல், அடக்குதல், பல்லில் தேய்த்தல் போன்ற புகையில்லாத வழிகளில் பயன்படுத்தினர். ஆகவே, பெண்களின் புகையிலையைத் தேட வேண்டிய இடம் பெட்டிக்கடை வாசலன்று. வீட்டிலுள்ள வெற்றிலைப் பெட்டியே.

புகை இல்லையென்றால் தீங்கும் இல்லையா?

புகை இல்லாவிட்டாலும் நஞ்சு உண்டு. நிகோடின் வாயின் உட்சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. பாக்கும் அத்தகையதே என்று 2004இல் அது அறிவித்தது. எனவே புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் மெல்லுவது பாதுகாப்பாகாது. கருவுற்ற பெண் புகையிலையை அடக்கினால் குழந்தை எடை குறைந்தும், குறைமாதத்திலும் பிறக்கும் அபாயம் கூடுகிறது.

புகையிலை முற்காலத்தில் நம் நாடுகளில் இல்லாதது. அது வந்த தொடக்கத்தில் அதன் தீங்கு தெளிவாகாததால் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது. இன்று அந்தத் தீங்கு ஐயமற விளங்கிவிட்டது. தம்மைத் தாமே அழிவில் ஆழ்த்திக்கொள்வதைத் தடுக்கும் இறைக்கட்டளை (அல்பகரா 195) ஆண்களுக்கு மட்டும் உரியதன்று.

விடவிடாமல் தடுப்பவை எவை?

பெரும்பாலான பெண்கள் இன்பத்தைத் தேடி இப்பழக்கத்தைத் தொடங்குவதில்லை. பல்வலி, மசக்கைக் குமட்டல், மலச்சிக்கல், வேலை நேரத்துப் பசி ஆகியவற்றுக்கு மருந்து என்று யாரோ ஒரு மூத்த பெண்மணி கொடுத்ததில் தொடங்கிவிடுகிறது. பின்னர், 'போடாவிட்டால் தலை வலிக்கிறது' என்கிறார்கள். அந்தத் தலைவலியே நிகோடின் கிடைக்காததால் வருவதுதான். மருந்தென நம்பியதே நோயாகி நிற்கிறது.

அடுத்தது வெட்கம். பிறர் அறியாமல் அடக்கும் பெண், மருத்துவரிடமும் அதைச் சொல்வதில்லை. சொல்லாத நோய்க்கு மருந்து ஏது?

மூன்றாவது, வீட்டின் நிலை. சகோதரரே! உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பொட்டலத்தை வாங்கி வருபவர் யார்? பெரும்பாலும் கணவர், மகன், அல்லது பேரப்பிள்ளை! 18 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நாமோ பிள்ளையின் கையில் காசு கொடுத்து அனுப்புகிறோம். கணவர் புகைத்துக்கொண்டே மனைவியை விடச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பேது?

விடுவதற்குத் துணை நிற்பவை

முதலாவது, மருத்துவரின் வெளிப்படையான அறிவுரை. இரண்டாவது, வீட்டாரின் ஒத்துழைப்பு. மூன்றாவது, தக்க தருணம். கருவுற்ற காலத்தில் பல பெண்கள் விட்டுவிடுகின்றனர். ஆனால் பிரசவத்திற்குப் பின் உறவினர் தரும் வெற்றிலையோடு பழக்கம் திரும்பிவிடுகிறது. அப்போது தடுக்க வேண்டியவர்கள் மாமியும் உம்மாவுமே.

நமக்கு இன்னொரு தருணமும் உண்டு. ரமளானில் ஸஹர் முதல் மஃக்ரிப் வரை புகையிலையின்றி இருக்கும் பெண்ணால் விடவே முடியாது என்பது எப்படி உண்மையாகும்? எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை போன்ற தொல்லைகள் பெரும்பாலும் முதல் சில நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். இஃப்தாருக்குப் பின்னும் பெட்டியைத் திறக்காதிருந்தால், பெருநாளுக்குள் கடினமான கட்டம் பெரிதும் கடந்திருக்கும். அந்நாட்களில் அவர் சிடுசிடுத்தால் வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்; கேலி செய்யக் கூடாது. வாய்க்குச் சோம்போ ஏலக்காயோ போதும். மீண்டும் ஒருமுறை போட்டுவிட்டாலும் மனம் தளராமல் மறுநாளே தொடரட்டும். 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் வீட்டிலிருந்தபடியே ஆலோசனை பெறலாம்.

வாயில் வெண்திட்டு, இரு வாரம் கடந்தும் ஆறாத புண், வாயைத் திறப்பதில் சிரமம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சகோதரிகளே! இது உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சன்று. உங்கள் நலம் வீட்டாரின் பொறுப்பு என்பதை உணர்த்தும் பேச்சே.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை இத்தீங்கிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.