பள்ளிவாசல் திடலில் எரிந்த சான்றிதழ்கள்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிலுள்ள ஹமீதியா பள்ளிவாசல் திடலில், 1908ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 16ஆம் நாள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுச் சான்றிதழ்கள் தீக்கிரையாயின. அதற்குரிய காரணத்தை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

டிரான்ஸ்வால் அரசு 1906இல் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. ஆசியர்கள் பெயரைப் பதிந்து, விரல்ரேகை வைத்துச் சான்றிதழ் பெறவேண்டும். காவலர் கேட்குமிடத்தெல்லாம் அதனைக் காட்டவேண்டும். தவறினால் அபராதம், சிறை, நாடுகடத்தல். குற்றவாளிகளுக்குரிய நடைமுறை, இனம் ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு சமுதாயத்தின்மீது சுமத்தப்பட்டது. செப்டம்பர் 11இல் எம்பயர் நாடக அரங்கில், அப்துல் கனி தலைமையில் மக்கள் திரண்டனர். ஹாஜி ஹபீப் வழிகாட்ட, அச்சட்டத்துக்குப் பணிவதில்லை என இறைவன்மீது ஆணையிட்டு உறுதி பூண்டனர். 1907இல் சட்டம் நிறைவேறியது. காந்தியடிகளும் தமிழர் தலைவர் தம்பி நாயுடுவும் சிறை புகுந்தனர்.

1908 ஜனவரியில் அமைச்சர் ஸ்மட்ஸுடன் உடன்பாடு ஏற்பட்டது. மக்கள் தாமாக முன்வந்து பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்றே காந்தியடிகள் அதற்குப் பொருள் கொண்டார். நேற்று மறுத்த விரல்ரேகையை இன்று தருவது முறையோ எனப் பலர் வினவினர். வற்புறுத்தலுக்கு அஞ்சித் தருவது இழிவு. விரும்பித் தருவது கண்ணியம் என்பது அவர் விடை. மீர் ஆலம் என்னும் பட்டாணியர் இதனை ஏற்கவில்லை. பிப்ரவரி 10இல் பதிவுக்குச் சென்ற காந்தியடிகளை வழிமறித்துத் தாக்கினார்.

மக்கள் பதிந்துகொண்டனர். ஸ்மட்ஸோ, தாம் அவ்வாறு வாக்களிக்கவில்லை என்றார். சட்டம் நீடித்தது. விருப்பத்தால் பெற்ற சான்றிதழே மீண்டும் கட்டாயத்தின் சின்னமாயிற்று. அதனாலேயே மக்கள் அவற்றைத் தீயிலிட்டனர். அன்று மீர் ஆலமும் அங்கு வந்து, தம் பிழையை ஒப்புக்கொண்டு, தம் பழைய சான்றிதழையும் எரிக்கக் கொடுத்தார்.

1914ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கி, இந்தியர் திருமணங்களையும் ஏற்றது. ஆயினும் கறுப்பின மக்களின்மீதிருந்த அனுமதிச்சீட்டுச் சுமை இறங்கவில்லை. ஷார்ப்வில் படுகொலைக்குப்பின், 1960 மார்ச்சில் மண்டேலாவும் தம் அனுமதிச்சீட்டைத் தீயிலிட்டார். அச்சட்டங்கள் நீங்கிய ஆண்டு 1986.

தமக்கு நேர்ந்த இழிவை எதிர்ப்போர், அண்டை வீட்டார்க்கு நேரும் இழிவையும் தமதாகக் கருதுதல் வேண்டும். அந்நாட்டு வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே.