சிக்கனம் சரி... உங்கள் தட்டில் என்ன?

இருபத்தைந்தாம் தேதி பிறந்துவிட்டால் போதும், என் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் வாய் முளைத்துவிடும்! பருப்பு டப்பாவை எடுத்து ஆட்டினால் 'கலகல'வென்று சிரிக்கும். சர்க்கரை டப்பாவில் கரண்டி 'கர்ர்...' என்று அடியைச் சுரண்டும். எண்ணெய்த் தூக்கைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு விழுமா விழாதா என்று காத்திருப்பேன். முதல் தேதி எப்போது வரும் என்று காலண்டரைப் பார்க்காத இல்லத்தரசி யாராவது இருக்கிறீர்களா, சொல்லுங்கள்!

நான் சொல்வது 1983-ஆம் வருஷத்துக் கதை. கோயம்புத்தூரில், சிங்காநல்லூர் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் அலைந்துவிட்டு, கடைசியில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார். சம்பளம் மாதம் 350 ரூபாய். அதில் வாடகை, மண்ணெண்ணெய், பால் எல்லாம் போக மிச்சத்தில் நாலு வயிறு நிறைய வேண்டும். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு.

"எப்படி அம்மிணி சமாளிக்கப் போறோம்?" என்று ராத்திரி அவர் கேட்டார்.

"நீங்க ஏனுங்க கவலைப்படறீங்க? நான் பாத்துக்கறேன்" என்றேன் வீராப்பாக.

மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வரவு செலவு எழுதத் தொடங்கினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் காய்கறிச் சந்தைக்குப் போவேன். கடையைக் கட்டுகிற நேரத்தில் கூறு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முழுப் பருப்புக்குப் பதில் உடைந்த பருப்பு. எண்ணெயைக் கரண்டியால் ஊற்றாமல், ஒரு சின்ன மூடியால் அளந்து ஊற்றினேன். மூன்று மாதத்தில் யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருக்கும்!

குழாயடியில் விழுந்தேன்

குழந்தைகள் மெலியவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அப்போது எங்கள் பகுதிக்கும் வந்திருந்தது. மத்தியானம் பெரியவள் பள்ளிக்கூடத்திலும், சின்னவன் பக்கத்துத் தெரு பாலர் பள்ளியிலும் சாப்பிட்டுவிடுவார்கள். அவருக்குத் தூக்குப்போசியில் சோறும் குழம்பும் போய்விடும்.

எனக்கு? ஒரு ஆளுக்கு என்று தனியாக எதற்கு ஆக்குவது? சட்டியில் ஒட்டியதை வழித்து, மோரை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிடுவேன். பசித்தால் ஒரு டம்ளர் டீ. இரவில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதுதான். மிஞ்சாவிட்டால், "எனக்குப் பசியே இல்லீங்க" என்ற பொய் தயாராக இருக்கும்.

நாலாவது மாதம் ஒருநாள் விடியற்காலையில் குழாயடியில் வரிசையில் நின்றிருந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது தெரியும். அடுத்துத் தெரிந்தது, பக்கத்து வீட்டு அக்காவின் மடியில் என் தலை! குடம் நசுங்கியதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 7.5. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். "நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று லேடி டாக்டர் கேட்டார். "அவருக்கு எலுமிச்சங்காய் சாதம், பசங்களுக்குத் தோசை..." என்று ஆரம்பித்தேன். "உங்களைக் கேட்டேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இவ்வளவு குறைஞ்ச பிறகு சாப்பாட்டை மட்டும் நம்பாதீங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயும் பின்னாலயும் டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது தடுத்துடும்" என்று சொல்லி அனுப்பினார். பசியை மறக்க நான் குடித்த டீ எனக்கே எதிரியாக இருந்திருக்கிறது!

அமுச்சி கேட்ட கேள்வி

விஷயம் தெரிந்து, என் அம்மாவைப் பெற்ற அமுச்சி ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு? வாசி, கேப்போம்" என்றார்.

நானும் பெருமையாக வாசித்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு அமுச்சி சொன்னார்: "மாப்பிள்ளைக்கு இருக்குது, பசங்களுக்கு இருக்குது, வர்ற விருந்தாளிக்குக்கூடக் காபித்தூள் இருக்குது. இதுல நீ எங்கம்மிணி இருக்கற? நீ மிச்சம் புடிச்சதெல்லாம் உன்ற ரத்தத்துல இருந்தல்ல புடிச்சிருக்கற!"

சுருக்கென்றது. அன்றைக்கு அழுதுவிட்டேன். ஆனால் அமுச்சி அழ வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை. மஞ்சப்பையைத் திறந்தார். கொள்ளு, ராகி மாவு, ஒரு கட்டு முருங்கைக்கீரை, கை நிறைய நெல்லிக்காய். "காசில்லாட்டி என்ன, கொள்ளு இல்லையா?" என்று அடுப்படிக்குள் நுழைந்தார். அந்தப் பத்து நாளில் நான் கற்றதைத்தான் இன்றுவரை சமைக்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு டம்ளர் கொள்ளு, இரண்டு பதார்த்தம்

ஒரு டம்ளர் கொள்ளை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, கல் பார்த்துக் கழுவி, இரவே ஊற வையுங்கள். ஊறினால் சீக்கிரம் வேகும், எரிபொருள் மிச்சம். காலையில் ஐந்தாறு டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேக வையுங்கள். குக்கர் என்றால் ஏழெட்டு விசில். தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்பூன் எண்ணெயில் சீரகம், மல்லி விதை, நாலு வரமிளகாய், ஏழெட்டுச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு இவற்றை வதக்கி, உப்புடன் வெந்த கொள்ளில் போட்டு மத்தால் கடையுங்கள். இல்லையென்றால் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், மாவாக்கிவிடாதீர்கள். இதுதான் கொள்ளுப் பருப்பு. சுடுசோற்றில் போட்டு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால், வேறு குழம்பு எதற்கு?

வடித்த தண்ணீரில் புளி கரைத்து விட்டு, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, ஒரு தக்காளி சேர்த்து, நுரை கட்டும்போது இறக்கிக் கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். ரசமும் ஆயிற்று! 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. குதிரைக்குப் போடுவது என்று முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அரிசிம்பருப்பு

எங்கள் கொங்கு நாட்டில் அவசரத்துக்கும் இதுதான், அடை மழைக்கும் இதுதான். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம் பருப்பு. இரண்டையும் கழுவி ஊற வையுங்கள். கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள் தூள், தட்டிய மிளகு, உப்பு சேர்த்து, நாலு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டுக் குழைய விடுங்கள். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. குழம்பு வேண்டாம், ஊறுகாய் போதும்.

இதில் ருசி மட்டும் இல்லை. அரிசியில் குறைகிற ஒரு வகைச் சத்து பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது புரதம் முழுமையாகிறது. 

ராகியும் முருங்கைக்கீரையும்

இரண்டு டம்ளர் ராகி மாவில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு, சுடுதண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். வாழையிலையில் மெல்லியதாகத் தட்டி, கல்லில் போட்டு, சுற்றிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு மூடி வையுங்கள். மிதமான சூட்டில் இரண்டு பக்கமும் வேகட்டும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே அளவு பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

ஒரு ரகசியம். கீரையிலும் தானியத்திலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் லேசில் சேராது. கூடவே கொஞ்சம் எலுமிச்சம் பழச்சாறோ, நெல்லிக்காய்த் துவையலோ இருந்தால் நன்றாகச் சேரும். அதற்குக் காரணம் வைட்டமின் 'சி'. அமுச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் மஞ்சப்பையில் நெல்லிக்காயை மறக்காமல் போட்டுக்கொண்டு வந்தாரே!

குப்பைக்குப் போகும் முன்

பீர்க்கங்காய்த் தோலை வதக்கி, உளுத்தம் பருப்பு, மிளகாய், புளி வைத்து அரைத்தால் துவையல். முள்ளங்கி வாங்கும்போது தழையோடு வாங்குங்கள், பொரியலுக்கு ஆகும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி பாசிப்பருப்புக் கூட்டுக்கு ஆகும். வடிகஞ்சியை வீணாக்காமல் உப்பும் மோரும் சேர்த்துக் குடியுங்கள், அரிசியின் சத்தில் ஒரு பங்கு அதில்தான் போகிறது. மீந்த சோற்றில் அன்றிரவே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் இருந்தால் ராஜ போஜனம்!

ஆனால் சில இடங்களில் சிக்கனம் கூடவே கூடாது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பூஞ்சை பிடித்த நிலக்கடலையைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், சமைக்கிறவளின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

இன்றும் மாறவில்லையே!

'அதெல்லாம் அந்தக் காலம் பாட்டி' என்கிறீர்களா? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. நம் தமிழ்நாட்டில் 53 சதவீதம். 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் தருகிறார்கள். அப்படியும் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தம் இல்லாமல் நடமாடுகிறோம். காரணங்கள் பல இருக்கலாம். கடைசியில் சாப்பிடுவது என்ற நம் பழக்கமும் அதில் ஒன்று என்றுதான் எனக்குப் படுகிறது. அடிக்கடி மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அமுச்சி ஊருக்குக் கிளம்பின அன்று ஒரு கட்டளை போட்டுவிட்டுப் போனார்: "இனிமே ராத்திரிச் சோறு நாலு பேரும் ஒண்ணா உக்காந்துதான் உண்ணோணும். குறைஞ்சா நாலு பேருக்கும் குறையட்டும்."

முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்றைக்குப் பருப்பு கொஞ்சம்தான் இருந்தது. என் தட்டைப் பார்த்த என் கணவர், தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் போட்டார். ஒன்றும் பேசவில்லை. இத்தனை மாதமும் சட்டியில் எவ்வளவு இருந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் காட்டவில்லையே!

ஆறு மாதத்தில் ரத்தம் 11-ஐத் தொட்டது. அவருக்கும் வேறு மில்லில் வேலை கிடைத்தது. நோட்டை மட்டும் நான் விடவில்லை. இப்போது என் மருமகள் செல்போனில் கணக்குப் போடுகிறாள். போன வாரம் அவளும் தட்டோடு நின்றுகொண்டே, "நீங்க சாப்பிடுங்கத்தை, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றாள். கையைப் பிடித்து உட்கார வைத்து, முதல் கரண்டி கொள்ளுப் பருப்பை அவள் தட்டில்தான் போட்டேன்.

நீங்கள் இன்றைக்கு எப்போது சாப்பிட்டீர்கள், சகோதரி?