உப்பில்லாத காட்டில் பி.பி. இல்லை

"வயசானால் பி.பி. வரத்தான் செய்யும்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறோம். அமேசான் காட்டில் இந்தப் பேச்சு செல்லாது.

பிரேசில்–வெனிசுவேலா எல்லையில் வாழும் யானோமாமி பழங்குடியினருக்கு வாழைக்காயும் மரவள்ளியும் முக்கிய உணவு. வேட்டை இறைச்சியும் மீனும் உண்டு. சமையலில் உப்பு கிடையாது. 32 நாடுகளில் பத்தாயிரம் பேரைச் சோதித்த 'இன்டர்சால்ட்' ஆய்வு 1988இல் வெளியானது. அதில் சோதிக்கப்பட்ட யானோமாமிகளின் சிறுநீரில் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. சராசரி ரத்த அழுத்தம் சுமார் 95/61. உயர் ரத்த அழுத்தம் ஒருவருக்குக்கூட இல்லை!

உப்பு மட்டும்தான் காரணமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. உடல் பருமன் இல்லை, மது இல்லை, நாள் முழுக்க உழைப்பு.

ஆனால், அதே காட்டில் வாழும் யெக்வானா மக்களின் கதை வேறு. அவர்கள் பகுதியில் சிறு விமானங்கள் இறங்க ஓடுதளம் உண்டு. அதன் வழியே உப்பும் பதப்படுத்திய உணவும் வந்து சேர்கின்றன. யானோமாமிகளுக்கு அறுபது வயதிலும் ஏறாத ரத்த அழுத்தம், இவர்களுக்கு வயதோடு மெல்ல ஏறுகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைப் பருவத்திலேயே அந்த ஏற்றம் தொடங்கிவிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது.

இதனால் காட்டு வாழ்க்கை சொர்க்கம் என்றாகிவிடாது. மலேரியாவும், சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் ஆற்றில் கலக்கும் பாதரசமும் யானோமாமிகளை வதைக்கின்றன.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். பிள்ளைகளின் தட்டிலிருந்தே குறைக்கத் தொடங்குங்கள்.