கறிவேப்பிலையும் முதியோர் உணவும்

நம் ஆலய அன்னதானத்தில் பரிமாறும்போது கவனித்திருக்கிறேன்: கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்குபவர்களில் முதியவர்களே அதிகம். பல் தளர்ந்தவர்கள் அதை எப்படி மெல்லுவார்கள்? துவையலாகவோ பொடியாகவோ அரைத்துக் கொடுப்பதே தக்கது.

முதுமையில் நாவும் மூக்கும் மந்தமாவதால் உப்பைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறோம். இரத்தக் கொதிப்புக்கு அது ஆகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணும்படி உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கறிவேப்பிலையின் மணம் உப்புக் குறைவை ஓரளவு ஈடுசெய்யும். (துவையலிலேயே உப்பை அள்ளிப் போட்டால் பயனில்லை, தாய்மார்களே!)

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். கீரை, தழைகளிலுள்ள வைட்டமின் 'கே' திடீரென்று கூடினால் மருந்தின் வேலை குறையும். திடீரென்று குறைந்தால் இரத்தக் கசிவு நேரலாம். ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணுங்கள்.