நிரந்தரக் காடு

இடைநிலைப்பள்ளிப் பேருந்தில் நான் நாள்தோறும் கடந்த பலகையில் 'ஹூத்தான் சிம்பானான் கெக்கால்' என்றிருக்கும். கெக்கால் என்றால் நிரந்தரம். யாராலும் தொட முடியாத காடு என்றே நம்பியிருந்தேன்.

1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்த பிறகுதான் விழித்தேன். ஒதுக்கிய நோக்கத்திற்குக் காடு இனித் தேவையில்லை, வேறு பயன்பாடு பொருளாதாரத்தில் உயர்ந்தது என்று மாநில அரசு கருதினால் அதை நீக்கலாம். நிலம் மாநிலத்தின் அதிகாரமாயிற்றே!

சிலாங்கூர் 2011இல் தன் சட்டத்தைத் திருத்திப் பொது விசாரணையைக் கட்டாயமாக்கியது. தெமுவான் மக்கள் சார்ந்து வாழும் கோல லங்காட் வடக்குச் சதுப்புக் காட்டை நீக்கும் திட்டம் 2020இல் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபித்தனர். ஆயினும் 2021இல் 536 ஹெக்டருக்கும் மேல் நீக்கப்பட்டது. கருத்தைக் கேட்பதுதான் கட்டாயம், ஏற்பது அல்ல. கண்டனம் பெருகியதால் அதே செப்டம்பரில் அம்முடிவை மாநில அரசு கைவிட்டது.

2022இல் கூட்டரசுச் சட்டத்திலும் பொது விசாரணை சேர்ந்தது. எனினும் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஏற்றால்தான் அது அங்கே செல்லும்.