மண்ணைக் கேட்டு வரைபவர்

நினைவுச்சின்னம் என்றால் ஒரு பீடம், அதன்மேல் ஒரு சிலை, கீழே அண்ணாந்து பார்க்கும் கூட்டம். இந்த வழக்கத்தை 1981-இல் மாற்றிப்போட்டவர் மாயா லின். அப்போது அவருக்கு வயது 21. யேல் பல்கலைக்கழக மாணவி. வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்க வீரர்களுக்கு வாஷிங்டனில் சின்னம் அமைக்கும் போட்டிக்கு வந்த 1,421 வடிவங்களில் அவருடையதே தேர்வானது.

அவர் எதையும் உயரத் தூக்கி நிறுத்தவில்லை. புல்வெளியைச் சரிவாக வெட்டி, ஒரு முனையில் சேரும் இரு கருங்கல் சுவர்களைப் பதித்தார். ஒன்று லிங்கன் நினைவகத்தையும் மற்றொன்று வாஷிங்டன் நினைவுத் தூணையும் நோக்கி நீள்கிறது. கல், பெங்களூரிலிருந்து போனது. நடக்க நடக்கத் தரை இறங்குகிறது, சுவர் தலைக்கு மேல் உயர்கிறது. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உண்டு. அகர வரிசையில் அல்ல, பலியான நாள் வரிசையில். அதனால் ஒரே சண்டையில் விழுந்தவர்கள் அடுத்தடுத்து இருக்கிறார்கள். மெருகேற்றிய கல்லில் பெயரைத் தேடுபவரின் முகமும் தெரிகிறது. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பெயரை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

கறுப்பு அவமானத்தின் நிறம் என்று சில முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். லின்னின் சீன வம்சாவளியையும் சிலர் இழுத்தார்கள். சமரசமாக, 1984-இல் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை சற்றுத் தள்ளி வைக்கப்பட்டது. சுவரில் மாற்றமில்லை.

சிற்பியா, கட்டடக் கலைஞரா என்ற கேள்விக்கு லின்னின் வேலைகளில் நேரான பதில் கிடைக்காது. இடத்தில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்குவது எல்லாவற்றுக்கும் பொது. டென்னஸி மாநிலத்தில் ஒரு பழைய மரக் களஞ்சியத்தின் வெளித்தோற்றத்தைக் காப்பாற்றி, உள்ளே லாங்ஸ்டன் ஹியூஸ் நூலகத்தை அமைத்தார் (1999). நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் கலை மையத்தில், சரளைக்கல் தோண்டிக் கைவிட்ட குழியில், ஏழு வரிசை மண் அலைகளை எழுப்பிப் புல் வளர்த்தார். இரண்டு அலைகளுக்கு நடுவே இறங்கினால் அடுத்த இடைவெளியில் நடப்பவர்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டார். அது சிற்பம்தான், ஆனால் பராமரிக்கப் புல் வெட்ட வேண்டும்.

தம் கடைசி நினைவுச்சின்னம் என்று அவர் அறிவித்திருப்பது மனிதர்களுக்கானதல்ல. அழிந்த, அழிந்துவரும் உயிரினங்களுக்கானது. ஒரே இடத்தில் நிற்காமல் காணொளியாகவும் இணையத்திலும் பரவியிருக்கிறது. அதே கவலையோடு 2021-இல் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில் 49 பட்ட மரங்களை நட்டுவைத்தார். நியூஜெர்சியில் உப்புநீர் புகுந்து மாண்டவை அவை. காட்சி முடிந்ததும் அந்த மரத்தை வீணாக்கவில்லை. பிராங்ஸ் பகுதி இளைஞர்கள் படகு கட்ட எடுத்துக்கொண்டார்கள்.